அலிபிரிக்குக் கத்தி வாங்கிப் போனவன்

என் தலையில் முடி நிலைக்க வேண்டுமென்றால் ஒரு கத்தி வாங்கியாக வேண்டும். நகரி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி இந்த முடிவுக்கு வந்தேன்.

மகள் அகிலாவுக்கு வேலை கிடைத்தால் மொட்டை போடுவதாக என் மனைவி பிரமிளா திருப்பதி மலையப்பனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். நாயுடுபேட்டையில் வேலையும் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் வேண்டுதல் அவளுடையது, மொட்டை என்னுடையது. ஐம்பது வயதிலும் கருகருவென்று வளர்ந்து நிற்கிற தலை இது. என்கூடத் தறி ஓட்டுகிற சிநேகிதர்களுக்கெல்லாம் முன்னந்தலை பளபளக்கிறது. எங்கள் தெருவில் எனக்கென்று இருக்கிற ஒரே பெருமை இந்த முடிதான்.

மறுத்துப் பேச முடியாது. சாமி காரியம். அதைவிடப் பெரிது, பிரமிளா காரியம்.

அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது. திருமலைக்குக் கத்தி கொண்டுபோகக் கூடாது. மலையடிவாரத்தில் அலிபிரி சாவடியிலேயே பையைச் சோதனை போடுவார்கள். இருந்தால் தூக்கிப் போட வேண்டும், இல்லையென்றால் ஒருவர் கத்தியோடு கீழேயே நின்றுவிட வேண்டும். அந்த ஒருவர் நானாக இருந்துவிட்டால்? சாதாரணக் கத்தி என்றால் பிரமிளா தயங்காமல் குப்பையில் போடச் சொல்வாள். ஆகவே, போட மனசே வராத கத்தியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

திருப்பதியில் இறங்கியதும் பிரமிளாவையும் கூட்டிக்கொண்டு சுரேஷ்பாபு என்பவரின் கத்திக் கடைக்குள் நுழைந்தேன்.

"இன்னாங்க, மலைக்குப் போய்க்கினு இருக்கறப்போ கத்தி எதுக்கு?" என்றாள் பிரமிளா.

"தறியில நூல் அறுக்கத்தான்."

"அதுக்கு பிளேடு கீதே?"

"பிளேடும் கத்தியும் ஒண்ணாமே?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாளா, முடியைப் பார்த்தாளா, தெரியவில்லை.

"சரி. வாங்கறதுன்னு ஆயிடுச்சு. பாத்து வாங்கணும், நவுருங்க."

சுரேஷ்பாபு ஒரு மடக்குக் கத்தியை எடுத்து வைத்தார். ஸ்டிலெட்டோ மாடலாம். மெலிந்து நீண்ட உடம்பு, ஊசி போன்ற முனை, கொம்பு நிறத்தில் கைப்பிடி. பொத்தானை அமுக்கினால் சடக்கென்று பாய்ந்து வந்தது. சொக்கிப் போனேன். திறந்தேன், மூடினேன். அதற்குமேல் ஒரு கத்தியில் என்ன பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. அலகில் முகம் பார்த்தேன். முடி அழகாகத் தெரிந்தது.

பிரமிளா அதை என் கையிலிருந்து வாங்கினாள். இரண்டு விரலால் அலகைப் பிடித்து அசைத்தாள்.

"ஆடுது. வேற குடுங்க."

அடுத்ததை மூடி வெளிச்சத்தில் பிடித்தாள். "அலகு நடுவுல உக்காரல பாருங்க. ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது. மூடி மூடித் தொறந்தா ஒரசிக்கினு மொன்னையாப் பூடும்."

மூன்றாவதைத் திறந்து அதன் முதுகை மேஜையில் தட்டினாள். பூட்டு விட்டுவிட்டது. கத்தி மடங்கியது.

"இதை நம்பினா வெரலைத் துன்னுடும்."

நான்காவதில் எல்லாம் சரி. புடவைத் தலைப்பில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் இழையை அறுத்துப் பார்த்தாள். வழுக்கியது.

"குத்தறதுக்கு ஜோரா கீது. அறுக்கறதுக்குக் கூர் இல்ல. நாங்க யாரைக் குத்தப் போறோம்?"

"சூடம்மா, லோபல நுஞ்சி தெஸ்தா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, வேறு கத்தி எடுத்துவர சுரேஷ்பாபு உள்ளே ஓடினார். அத்தனை நேரம் என்னை 'சார்' என்றுகூடக் கூப்பிடாத மனுஷன்!

நான் வாயைப் பிளந்து நின்றேன். ஓடுகிற தறியில் அறுந்த இழையைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவள் பிரமிளா. கத்தியிடமா ஏமாறுவாள்? இவளைக் கட்டிக்கொண்டதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று நிஜமாகவே நினைத்தேன். இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று கூச்சமாகக்கூட இருந்தது. தலையைத் தடவிக்கொண்டேன். கூச்சம் போய்விட்டது.

உள்ளேயிருந்து வந்த கத்தி ஆடவில்லை, சாயவில்லை, மடங்கவில்லை. இழை பட்டதும் அறுந்தது.

"இதான் கத்தி" என்றாள். "நீங்க போயி தண்ணி பாட்டில் வாங்கினு வாங்க. நான் டப்பால போட்டுக்கினு வரேன்."

டப்பாவை அவளே என் பையில் பத்திரமாக வைத்தாள். அலிபிரி வரும்வரை என் மனசு விசில் அடித்துக்கொண்டே வந்தது.

சோதனைச்சாவடியில் காவலர் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கினேன்.

"சார், என் பையில கத்தி இருக்குது!"

பின்னால் நின்றவர்கள் விலகினார்கள். நான் பிரமிளா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினேன்.

"பார்த்துப் பார்த்து நீ எடுத்த கத்தி. குப்பையில போட மனசு வருமாமே? நீ போய் சாமியைப் பாரு. நான் கத்தியோட கீழயே நிக்கறேன். என் மொட்டையை இன்னொரு தபா வச்சிக்கலாம்."

காவலர் டப்பாவைத் திறந்து, தூரப் பிடித்து, பயந்து பயந்து பொத்தானை அமுக்கினார். சடக்! பாய்ந்து வந்தது. அதற்குப் பல் இருந்தது. வரிசையாக, நெருக்கமாக.

"ஏமி சார், இதி துவ்வென கதா!" என்று சிரித்த காவலர், அதே சீப்பால் மீசையை ஒரு தடவை சீவிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

பிரமிளா பக்கம் திரும்பினேன். "கத்தி எங்கமே?"

"கடையில பத்திரமா கீது. மலைக்குக் கத்தி ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? எறங்கி வரும்போது வாங்கிக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அப்போ இந்தச் சீப்பு எதுக்கு?"

பிரமிளா அதை என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"மொட்டை போடற எடம் வர்ற வரைக்கும் ஆசை தீர சீவிக்கினு வாங்க."