தொண்டைப் பயிற்சிக்கு உங்கள் பேர்தான் வேண்டுமாம்

பெர்மாஸ் ஜெயா,
வெள்ளிக்கிழமை

என் நானாஸ் மாமாவுக்கு,

உங்கள் மனைவி தனலெட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், மகன் லோகேஸ்வரன், மருமகள் மலர் மூவரும் சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் போடுங்கள் என்று எழுதத்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். செத்தவர் பதில் போடமாட்டார் என்று தெரியும். ஆனால் அந்த வரியை விட்டால் அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது.

சுகம் என்று எழுதினேனே தவிர சுகமில்லை. உங்க காரியம் முடிந்த கொஞ்ச நாளில் எனக்கு லேசாக ஸ்ட்ரோக் வந்தது. கை கால் தப்பித்தது, தொண்டைதான் போச்சு. உள்நாக்கு தொங்குகிற இடத்துச் சதை தளர்ந்துவிட்டதாம். பேசினால் பாதிப் பேச்சு மூக்கு வழியாகப் போகிறது, தண்ணீர் குடித்தால் அதுவும் அதே வழியில் வருகிறது, அதனால் கோப்பியில் ஏதோ மாவைக் கலக்கிக் கூழாக்கித் தருகிறார்கள். சரியாகாவிட்டால் மூக்கில் குழாய் போடவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்களுக்குப் போட்டார்களே, அதே குழாய். அதைப் போட்ட பிறகு நீங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. எனக்கு அது வேண்டாம் மாமா.

அதற்காகப் பேச்சுப் பயிற்சி கொடுக்க சபீதா என்று ஒரு தெரப்பிஸ்ட் வீட்டுக்கு வருகிறாள். நம்ம தமிழ் முஸ்லிம் பிள்ளைதான். ரொம்ப மரியாதையாகப் பேசுகிறாள், அதுவே எனக்குச் சந்தேகம். வந்த அன்றைக்கே டார்ச் லைட் அடித்து வாய்க்குள் ரொம்ப நேரம் பார்த்தாள். தங்கப் பல்லில் கண் வைக்கிறாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். பிறகு மூக்குக்குக் கீழே ஒரு கண்ணாடியைப் பிடித்து, ஆவி படிகிறதா என்று பார்த்தாள். ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கடைசியில் உங்க தம்பி சபாபதி அப்படித்தான் பிடித்துப் பார்த்தார். "நான் இன்னும் இருக்கேன்லா" என்றேன். "அதுக்கில்ல ஆன்ட்டி, காத்து மூக்கு வழியா போவுதான்னு பாக்குறேன்" என்றாள். அப்புறம் கொட்டாவி விடச் சொன்னாள். நான் விட்டால் எதிரில் நிற்கிற மலரும் விடுகிறாள். ஸ்ட்ராவால் காகிதத் துண்டை உறிஞ்சித் தூக்கி ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றவேண்டும், மாற்றி முடித்தால் பழைய தட்டுக்கே திரும்ப மாற்றவேண்டும். எந்த ஊர் வேலை இது? மலர் வேறு எல்லாவற்றையும் போனில் பிடிக்கிறாள். டாக்டருக்கு அனுப்பவாம். டாக்டரோடு நிற்குமா, அவள் அம்மா வீட்டுக்கும் போகுமா, யார் கண்டது? ஒருநாள் சபீதா பேச்சுவாக்கில், இதே பயிற்சி செய்தால் சிலருக்குக் குறட்டைகூடக் குறையும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அத்தை குறட்டையில ஃபேன் ஓடுதா இல்லையான்னே தெரியல" என்று லோகேஸ்வரனிடம் சொன்னவள் மலர்தானே. அப்போது இந்தப் பயிற்சி யாருக்காக நடக்கிறது?

போன வாரம்தான் பெரிய கூத்து. 'க' என்று அழுத்திச் சொன்னால் அந்தச் சதை மேலே எழும்புமாம். கத்திரிக்காய் சொன்னேன், கொக்கு சொன்னேன், எல்லாம் மூக்கிலேயே போயின. "மனசு வெச்சு சொல்ற வார்த்தையா இருந்தா நல்லா வரும் ஆன்ட்டி. அங்கிள் பேரு என்னா?" என்றாள். நான் எழுந்துபோய் உங்க அடையாள அட்டை ஐசி நகலை எடுத்து நீட்டினேன். உங்க பேர் கேட்கிற எல்லாக் கவுன்டரிலும் நான் நீட்டுகிற நீட்டுத்தான். வாசித்துவிட்டுக் கையைத் தட்டுகிறாள். "நல்ல பேரு ஆன்ட்டி. ரெண்டு 'க' இருக்கு. இதையே தினமும் சொல்லுங்க."

"புருசன் பேர எப்படிம்மா வாயால சொல்றது?"

"எங்க உம்மாவும் வாப்பா பேரச் சொல்லாது. ஆனா உங்க தொண்டைக்கு அது தெரியாதே ஆன்ட்டி."

"நான் உங்க மகன பேர் சொல்லித்தான் கூப்பிடுறேன் அத்தை, அவருக்கு என்னா ஆயிருச்சி?" என்றாள் மலர்.

"அதான் முடி கொட்டுது" என்றேன்.

"பேர் சொன்னா ஆயுசு குறையும்னு பயப்படுறீங்களா? மாமாவுக்கு இனிமே என்னா..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் சொல்ல வந்ததில் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

பெண் பார்க்க பெக்கான் நானாஸிலிருந்து எங்கள் ஊர் சாஆவுக்கு வந்த மனுசனுக்கு நானாஸ் மாமா என்று ஒரு பேரை வைத்து இத்தனை வருசத்தை ஓட்டிவிட்டேன். அதையும் வீட்டுக்குள்தான் சொல்வேன். நீங்கள் என்னவோ நடுரோட்டில் "தனலெட்சுமி" என்று கத்துவீர்கள். லார்க்கின் பஸ் ஸ்டேஷன் கூட்டத்தில் நீங்கள் வழி தப்பிப்போன அன்றைக்குக்கூட நான் "ஏங்க" என்றுதான் கூப்பிட்டேன். யார் யாரோ ஆம்பளைகள் திரும்பினார்கள். நீங்கள் மட்டும் வேறு ஊர் பஸ்ஸைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தீர்கள். அன்றைக்கே சொல்லாத பேரை ஒரு ஸ்ட்ராக்காரி கேட்டதற்காகச் சொல்வேனா? இனிமேல் அந்தப் பிள்ளை வரவேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். குழாய் வந்தால் வரட்டும். இது முடிவு.

மகனையும் மருமகளையும் அங்கிருந்தே ஆசீர்வாதம் செய்யுங்கள். மலருக்குக் கொஞ்சம் குறைத்துச் செய்தாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பாதம் பணியும்
தனலெட்சுமி

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்பாதீர்கள். சபீதா கேட்ட மறுநாளே குளியலறைக் கதவைச் சாத்தி, பைப்பைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதலில் பாதிதான் வந்தது. பிறகு முழுசும் வந்தது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை, தினமும் சொல்கிறேன். இன்றைக்குக் காலையில் மாவு போடாத கோப்பியை சபீதா கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னாள், ஒரு சொட்டு மூக்குக்கு வரவில்லை. குழாய் தேவைப்படாது என்றாள். எந்த வார்த்தை ஆன்ட்டி கைகொடுத்தது என்று கேட்டாள். கத்திரிக்காய் என்றேன். மலர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற அங்கம்மா வேலிக்கு வந்து, "உங்க வீட்ல யாரு அக்கா கனகராஜ்? தினமும் இந்தக் கூப்பாடு கூப்பிடுறீங்க, மனுசன் வரவே மாட்டேங்கிறாரே" என்றாள். பைப்புச் சத்தத்தைத் தாண்டி அடுத்த வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது மாமா. லார்க்கினில் திரும்பாத மனுசன், கனகராஜ், இப்போதாவது திரும்பிப் பார்த்தீர்களா?