எலுமிச்சம்பழம் குறித்த மைல்கல்

டிக்கோயாவில் மின்சாரச் சாமான்களுக்கு வாக்குச் சொல்லும் சாமி தோன்றியிருக்கிறார் என்ற செய்தி வட்டவளை வரை பரவிவிட்டது. மனிதரின் தலைவிதியை மற்றச் சாமிமார் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டதால், வீரய்யா சாமி ரைஸ் குக்கரின் தலைவிதியை எடுத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கே வரிசை!

“சாமி, போன்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குது” என்றார் கொழுந்து பறிக்கும் ராக்காயி.

“சனி பாக்குறான்.”

பாவம், சனிக்கு வேறு வேலையில்லை!

அடுத்து நின்றவர் யோகேஸ்வரன். ஹட்டனில் ஆறு பேரை வைத்து வீடியோ கேம் செய்பவர். தேயிலை மலைக்குள் சிறுத்தை புகுவதுதான் விளையாட்டு. பணம் போட்ட கொழும்புக் கம்பனி, வேலையை ‘மைல்கல்’ என்ற கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் முடித்துக் காட்டச் சொல்லியிருந்தது. திகதியைக் குறித்துவிட்டு அன்று இருப்பதைக் காட்டுவதா? விளையாட்டில் எந்தப் பகுதி ஓடவேண்டும் என்று குறித்து அது ஓடியபின் காட்டுவதா? படித்த மனிதர் இதைச் சாமி தட்டில் உருட்டும் எலுமிச்சம்பழத்திடம் ஏற்கெனவே இருமுறை கேட்டிருந்தார். பழம் இருமுறையும் திகதியையே காட்டி, நல்ல நாளையும் குறித்தது. முதல் நல்ல நாளில் சிறுத்தை பின்னோக்கி நடந்தது. அடுத்த நல்ல நாளில் தலையில்லாமல் நடந்தது. இன்னொரு முறை இப்படியானால் பணம் நிற்கும், ஹட்டன் கம்பனியை மூடவேண்டியதுதான் என்றது கொழும்பு.

இம்முறை அவரிடம் புரோகிராம் எழுதும் அனோஜாவும் கூடவே வந்தாள்.

தட்டின் இரு பக்கமும் இரண்டு கடித உறைகள். ஒன்றில் திகதித் திட்டம், மற்றதில் ஓட்டத் திட்டம். சாமி மோதிரக் கையை வீசினார். பழம் உருண்டு திகதிப் பக்கம் போனது. “அரோகரா!” என்றது கூட்டம்.

“சாமி, பழத்த மாத்துனா பதில் மாறுமா?” என்று கேட்டாள் அனோஜா.

“மாறாது. பேசுறது தெய்வம், பழமில்ல.”

“அப்ப இதுல ஒருக்கா கேளுங்க. காலைல கடையில வாங்குனது” என்று வேறொரு பழத்தைத் தட்டில் வைத்தாள்.

சாமி கையை வீசினார். பழம் அசையவில்லை. மந்திரம் சொன்னார். அப்போதும் அசையவில்லை.

“இந்தப் பழத்துக்குத் தீட்டு!”

ராக்காயி சும்மா இருப்பாரா? சாமியின் பழத்தை எடுத்து இரண்டாகப் பிய்த்தார். உள்ளிருந்து ஒரு காந்தத் துண்டு பாய்ந்து சாமியின் இரும்பு மோதிரத்தில் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது.

“எலுமிச்சம்பழத்துக்கு இரும்புச் சத்தா சாமி?” என்றார் ராக்காயி.

சாமி பின்கதவால் மறைந்தார். அவர் செய்த ஒரே அற்புதம் அதுதான்.

“இப்ப என்னம்மா செய்றது?” யோகேஸ்வரன் முகம் சிறுத்துவிட்டது.

“அண்ணே, எது ஓடணும்னு மொதல்ல எழுதுவோம். அதுக்கு எத்தன நாளாகும்னு பாத்துத் திகதி வைப்போம். முடிஞ்சதும் வெளியாள் ஒருத்தர்கிட்ட குடுப்போம். நம்மள ஒண்ணும் கேக்காம அவங்க வெளையாடி முடிச்சாத்தான் மைல்கல்.”

ஆறு வாரம் கழித்துச் சிறுத்தை தலையோடு முன்னோக்கி நடந்தது. பார்த்த கொழும்பு சரியென்றது. ஆறு பேரின் வேலையும் தப்பியது.

வீரய்யா சாமி இப்போது றொசல்லப் பக்கம் தேங்காய் உருட்டுகிறாராம். அங்கும் வரிசையாம். போகிறவர்கள் போங்கள். போகும்போது மூளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை நாள்தான் அது வீட்டில் தனியாகக் கிடக்கும்?