மகள் பூட்டிய கியர்பாக்ஸ்

மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றியதும் லாரிக்கு அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். கோதண்டம் சட்டென்று ரேடியோவைக் கூட்டி வைத்தார். காதில் விழாத கோளாறு கோளாறே இல்லை என்பது அவருடைய அன்றைய வைத்தியம்.

வைத்தியம் ஒரகடம் கூட்டுரோடு வரைக்கும்தான் தாங்கியது. சிக்னலில் வண்டியை எடுத்தபோது விழுந்த இடியில் ரேடியோவே வாயை மூடிக்கொண்டது.

முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடித்த மனுஷர். அவர் ஓட்டினால் முன்னால் வைத்த டீ சிந்தாது என்று வாலாஜாபாத்தே சொல்லும். வாலாஜாபாத் மறந்துவிட்டால் அவரே சொல்லிவிடுவார். ஆனால் அதெல்லாம் பழைய பெருமை. புதுப் பெருமை மகள் பூஜா. லாரி கம்பெனியில், கியர்பாக்ஸ் பூட்டும் லைனில் வேலை. அதற்காகவே அந்தக் கம்பெனி வண்டியை வாங்கி, பின்பக்கம் ‘என் பொண்ணு பூட்டிய கியர்’ என்று சிவப்பில் எழுதி வைத்திருந்தார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால்கூட, படித்துவிட்டுப் பாராட்டுகிறான் என்றுதான் நினைத்துக்கொள்வார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கூட்டுரோட்டில் ஷெட் போட்டிருந்த மெக்கானிக் மாசானம், வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

“அண்ணாச்சி, எனக்குக் கியர்பாக்ஸ் பக்கம்தான் சந்தேகமா இருக்கு.”

“இன்னாது? நாக்க அடக்கிப் பேசு மாசானம். அத்த யாரு பூட்னதுன்னு பின்னாடி எழுதிகீதே, படிக்கல?”

“நான் படிச்சேன். சத்தத்துக்குப் படிக்கத் தெரியாதுல்லா?”

“பின்சக்கரத்துலேர்ந்து பாத்துகினு வா. கியர்பாக்ஸ் மேல கைய வெச்சே, வண்டிய எட்துகினு பூடுவேன்!”

என்ன செய்வான் பாவம். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற நீளமான ஜாயிண்ட் ஷாஃப்டைக் கழற்றி, அதன் முனைகளில் கொஞ்சமாய்த் தேய்ந்திருந்த ‘கிராஸ்’ என்கிற இணைப்புகளை மாற்றிக் கொடுத்தான். அதுவரை ‘டங்’ என்றிருந்த வண்டி ‘டமார்’ என்றது.

“மத்த எடத்து ஆட்டம் நின்னுட்டு அண்ணாச்சி. இப்ப மொத்த அடியும் ஒரே எடத்துல விழுது. அந்த எடம் எதுன்னா...”

“பேர் சொல்லாத!”

அடுத்து, ஷாஃப்டை நடுவில் தாங்குகிற பேரிங்கை மாற்றினார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு லோடு கொண்டுபோனபோது கேட்டில் செக்யூரிட்டி சுவரோரமாய் ஒதுங்கி நின்றான்.

“இன்னா ட்ரைவரே, நீ வர்றது அந்தாண்ட பாலத்துலேர்ந்தே கேக்குது!”

கோதண்டத்துக்கு மானம் போயிற்று. கிளட்ச்சை இறுக்கிப் பார்க்கச் சொன்னார். அதன்பிறகு கியர் விழுவதற்கே இரண்டு கை தேவைப்பட்டது. வாலாஜாபாத் கடைத்தெரு முழுக்க இரண்டாவது கியரிலேயே ஊர்ந்தார். பின்னால் பத்துப் பதினைந்து வண்டிகள் அவரைப் பாராட்டிக்கொண்டே வந்தன.

வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது மட்டும் முனையிலேயே நியூட்ரலுக்கு மாற்றி, மகள் காதில் படாமல் உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவளோ சாப்பிட உட்கார்ந்தால் அதையேதான் கேட்பாள்.

“வண்டி எப்பிடிப்பா கீது? கியர் போட்டா எதனா சத்தம் வருதா?”

“சத்தமா? வழுக்கிகினு வுழுது கண்ணு! உன் கை பூட்னதாச்சே.”

“நெசமாவா?”

“உங்கப்பன் பொய் சொல்லுவனா?”

பூஜா நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்தாள். கோதண்டம்தான் பாதிச் சோற்றோடு எழுந்துகொண்டார்.

மறுநாள் மாசானம் பொறுமை இழந்தான். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு அடியில் நுழைந்தவன், கேட்காமலேயே கியர்பாக்ஸ் பக்கம் போய் ஷாஃப்டைத் தூக்கி ஆட்டினான்.

“அண்ணாச்சி, கோவப்படாம இங்க வந்து பாருங்க.”

கியர்பாக்ஸின் வால்பக்கத்தில் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்துகிற பெரிய நட்டு, வெறும் விரலுக்கே சுற்றியது.

“இந்த ஒத்த நட்டுதான். ஆடி ஆடி உள்ள பல்லும் தேய்ஞ்சுட்டு. இனி கம்பெனி சர்வீஸ்லதான் மாத்தணும்.”

“யாரு முறுக்குனதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?”

“கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கும்லா. யாரு, என்னைக்கு, எந்த நட்டுன்னு.”

கோதண்டம் அந்த நட்டைக் கையால் மூடிக்கொண்டார். ஒரு நட்டுக்காகப் பிள்ளையின் வேலை போய்விடுமே! லாரி போனால் போகட்டும், தன் பெயர் நாறினாலும் நாறட்டும், அவள் பெயரில் ஒரு கீறல் விழக்கூடாது. மாசானத்தையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேருவதற்குள் முடிவு செய்துவிட்டார்.

சர்வீஸ் சென்டரில் ஷெர்லின் என்ற பெண் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இந்த நட்டை வெளியில யாராவது கழட்டினாங்களா சார்?”

“நான்தாம்மா கழட்னேன்.”

மாசானம் வாயைத் திறந்தான். கோதண்டம் அவன் காலை ஓங்கி மிதித்தார்.

“நீங்களா? எதுக்கு?”

“சும்மாதான். உள்ள இன்னா கீதுன்னு பாக்கலாம்னு.”

“நீங்க டிரைவர்தானே சார்?”

“பேருக்குத்தாம்மா டிரைவரு. கியர் போடவே தெரியாது. கிளட்ச்சு மேல கால வெச்சிகினே ஓட்டுவேன். எல்லாம் என் தப்புதான்னு எழுதிக்க.”

சுற்றி நின்ற மெக்கானிக்குகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். டீ சிந்தாமல் ஓட்டிய முப்பது வருஷமும் அங்கே கிரீஸோடு கிரீஸாய்க் கிடந்தது. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நின்றார்.

“ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்கம்மா. இத்த பூட்னது என் பொண்ணு. பூஜான்னு பேரு. அவ மேல துளி தப்பு கெடயாது!”

ஷெர்லின் பேனாவைக் கீழே வைத்தாள்.

“நட்டு முறுக்குற மிஷினே தப்பா காட்டுதுன்னு கண்டுபிடிச்சு, லைனையே நிறுத்தி, வித்த வண்டி அத்தனையையும் திருப்பிக் கூப்பிட வெச்சதே உங்க பூஜாதான் சார், ‘எங்கப்பா வண்டியில மட்டும் சத்தமே இல்லையாம், அவரைக் கடைசியா கூப்பிட்டுக்கலாம்’னு சொன்னதும் அவங்கதான்!”