பெடல் மேல் பழி போட்ட மருமகனுக்கு

என் அண்ணன் பெற்ற அருமை மருமகனுக்கு, தையல்கார அத்தை எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் மாமாவும் சௌக்கியம். அங்கு நீயும் உன் மூக்குநுனிக் கோபமும் சௌக்கியமா? போனில் நீயே கத்தி நீயே வைத்துவிட்டதால் கடிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது.

உன் ரூமில் இடமில்லை என்று கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுற விளையாட்டை, கைப்பிடி, கால் பெடல் சகிதம் என் கடைக்குள் கொண்டுவந்து வைத்தவன் நீ. "சும்மா ஓட்டிப் பாருங்க அத்தே" என்றவனும் நீ. ஓடுபாதையில் இடப்பக்கமாகவே இழுத்துப் புல்லுக்குள் போகிறது என்று நான் போனில் சொன்னதும், "தையல் மிஷின் மாதிரி மிதிச்சு பெடலை உடைச்சிட்டீங்க, ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறேன்"னா என்னடா அர்த்தம்? முதல் நாள் மிதிச்சேன், ஒத்துக்கிறேன். அது விமானம்னு காலுக்குப் புரிய ஒரு நாள் ஆச்சு. அப்புறம் பூ மாதிரிதான் வெச்சேன். அப்பவும் இடப்பக்கம். உன் மாமா வேற பின்னாடி நின்னுக்கிட்டு, "என்ன, விமானத்தை மேய விட்டிருக்கியா?"ங்கிறார். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. பெடல் ஒயரையே பிடுங்கிப் போட்டுட்டு ஓட்டினேன். அப்பவும் இடப்பக்கம்! ஒயரே இல்லாத பெடல் எப்படிடா இழுக்கும்? நாலாங்கிளாஸ் படிச்ச எனக்கே தெரியுது. சிக்குப் பிடிச்ச நூல்ல நுனி தேடுற மாதிரி மிச்ச ஒயரையெல்லாம் தடவிக்கிட்டே போனேன். ஒண்ணு பீரோவுக்குப் பின்னால போச்சு. அங்கே நீ சொருகிட்டுப் போன உன் பழைய கைப்பிடி, இடப்பக்கமா முறுக்கிக்கிட்டு மாட்டியிருக்கு, கனெக்‌ஷனோட! நான் இங்கேருந்து நேராப் போன்னு சொன்னா, அது அங்கேருந்து இடப்பக்கம் திரும்புங்குது. அதைப் பிடுங்கிட்டு பெடலை மாட்டினேன். சாக்பீஸ் கோடு மாதிரி ஓடிச்சு பாரு!

ஆகையால் என் காலிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தாலும் தர மாட்டேன். இருபத்தாறு வருஷமா மிதிக்கிறேன், என் மிஷின் இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகர்ந்ததில்லை. இது நகருதுடா.

நல்லாச் சாப்பிடு, நல்லாத் தூங்கு, நூறு வயசு இரு, அங்கேயே இரு.

இப்படிக்கு,
அசைந்து கொடுக்காத அத்தை

பி.கு.: உறை ஒட்டுறதுக்குள்ள ஒரு தடவை ஓட்டினேன். ஜம்முனு மேலேயும் ஏறிடுச்சு. இறக்குறது எப்படின்னு நீ சொல்லியே தரலையே பாவி! உன் மாமா கையில கைப்பிடியைக் கொடுத்துட்டு, தும்மக்கூட கூடாதுன்னு சொல்லிட்டு, தபால்பெட்டிக்கு ஓடுறேன். போன்ல கேட்க ரோஷம் விடலை. பெட்ரோல் தீர்றதுக்குள்ள கிளம்பி வாடா, கண்ணு.