எண்ணெய்க் கையும் மெயின்ஃப்ரேமும்

மாமியார் முன்னால் மரியாதையோடு நிற்க, ஒரு மாப்பிள்ளைக்குக் குறைந்தபட்சம் ஒரு சட்டையாவது வேண்டும். என் உத்தியோக வாழ்க்கையின் மகத்தான வெற்றியை நான் சட்டையில்லாமல், இடுப்பில் ஒரு துண்டோடு, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய, ஐந்தருவி எண்ணெய்க் கடை வாசலில் வைத்துப் பெற்றேன். (போட்டோ இருக்கிறது. காட்ட மாட்டேன்.)

எனக்கு மெயின்ஃப்ரேமில் வேலை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் இன்றும் நம்பிக்கொண்டிருக்கும் ராட்சதக் கம்ப்யூட்டர் அது. அது அமெரிக்காவில் ஏதோ ஒரு ஏசி அறையில் இருக்கும். நான் தென்காசியில் மாமனார் வீட்டு மாடியில் இருப்பேன். நடுவில் ஒரு கறுப்புத் திரை. அதில் வரிவரியாகக் கட்டளை அடித்தால் அங்கே வேலை நடக்கும். படம் கிடையாது, பட்டன் கிடையாது. மாமா ஒருநாள் என் முதுகுக்குப் பின்னால் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "மாப்ளே, டிவி ரிப்பேரா?" என்று கேட்டார்.

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. என் மனைவி செல்விக்குத் தென்காசியில் டீச்சர் வேலை. எனக்கோ ஆபீஸ் சென்னையில். (கடையத்தில் என் வீட்டில் நெட் சரியாக வராது, அதனால்தான் வீட்டோடு மாப்பிள்ளை. சொந்தக்காரர்கள் சொல்லும் காரணம் வேறு.) மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். க்ளெய்ம் ப்ரோக்ராமின் புதிய வடிவத்தை நான் தென்காசியிலிருந்தே ஏற்ற வேண்டும். ஒழுங்காக முடித்தால் இங்கேயே இருக்கலாம். சொதப்பினால் அடுத்த வாரமே சென்னை, செல்வியை மாதத்துக்கு இரண்டு நாள் பார்க்கலாம்.

அதற்குக் குறித்த நாள் ஆகஸ்ட் பதினைந்து. அமெரிக்காவுக்கு ஏது நம் சுதந்திர தினம்? ஆனால் மாமாவுக்கு உண்டு. புது மாப்பிள்ளைக்கு முதல் குற்றால சீசன் என்று அவர் வேன் சொல்லிவிட்டார்.

வேலை மொத்தமே மூன்று கட்டளைதான். முதலாவது, புதிய ப்ரோக்ராமை அந்த மெஷினுக்கு அனுப்புவது. இரண்டாவது 'பைண்ட்', அதாவது ப்ரோக்ராமையும் டேட்டாபேஸையும் முறைப்படி சேர்த்து வைப்பது. மூன்றாவது, பழசை விட்டுவிட்டுப் புதுசை எடுத்துக்கொள் என்று மெஷினுக்குச் சொல்வது. காலை பத்து மணிக்கு முதல் கட்டளையை அடித்தேன். கீழே வேன் ஹாரன் அடித்தது. "மாப்ளே, சாரல் நமக்காவ நிக்காது!" என்று மாமா கத்தினார். நான் அடுத்த கட்டளையை அடித்தேன், வெற்றி என்று பதில் வந்தது, லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அந்த 'அடுத்த' கட்டளை மூன்றாவது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மெயின் அருவியில் கூட்டம் தாங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு ஐந்தருவிக்கு வரும்போது மணி நாலு. செல்வி பெண்கள் பக்கம் குளிக்கப் போய்விட்டாள். அத்தைக்கு அருவி என்றாலே ஜலதோஷம். எல்லோருடைய பை, செருப்பு, வாட்ச் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு, குரங்கை விரட்ட ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னை மாமா எண்ணெய் தேய்க்கும் அண்ணாச்சியிடம் ஒப்படைத்தார். அண்ணாச்சி முழுக் கிண்ணத்தையும் என் தலையில் கவிழ்த்த நேரத்தில் போன் அடித்தது.

அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டு என் காதருகில் நீட்டினார்கள்.

"பாஸ், க்ளெய்ம் ஸ்கிரீனைத் திறந்தாலே விழுந்துடுது," என்றார் மேனேஜர். "நம்ம டைம் அஞ்சரைக்கு அங்க ஆபீஸ் திறந்துடும். அதுக்குள்ள சரி பண்ணலைன்னா எனக்கு வேற வழி இல்ல. சென்னைதான்."

அப்போது மணி நாலே முக்கால்.

துண்டில் கையைத் துடைத்தேன். துண்டும் எண்ணெய்தான். அத்தை பையிலிருந்து எடுத்துத் திறந்த லேப்டாப் என் கைரேகையைப் பார்த்துவிட்டு, நீ யாரென்றே தெரியாது என்றது. பாஸ்வேர்டை அடிக்கப் பார்த்தேன், விரல் ஒரு எழுத்திலிருந்து பக்கத்து எழுத்துக்கு வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு முறை தப்பு. மூன்றாவதும் தப்பானால் பூட்டிக்கொள்ளும்.

"தள்ளிக்கிடுங்க மாப்ளே," என்றார்கள் அத்தை. "எண்ணெ சொட்டுது. நீங்க சொல்லுங்க, நான் அடிக்குதேன்."

அத்தைக்கு ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை, முப்பது வருஷ சர்வீஸ். அடிப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வருஷா வருஷம் ஆபீசில் பரீட்சை எழுதிப் பாஸானவன் நான் என்பதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. பெரிதாகப் பட்டது பாஸ்வேர்டுதான்.

"சொதி..." என்றேன்.

"என்னது?"

"'சொதி போதும்'னு. இங்கிலீஷ்ல, சேர்த்து அடிங்க. கடைசியில ஒண்ணு."

தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கும் சொதிதான் எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குச் செய்யும் உச்சபட்ச மரியாதை. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அத்தை அந்த மரியாதையைச் செய்தார்கள், நானும் "அருமை அத்தை" என்று சொல்லி இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அத்தை முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரே மூச்சில் அடித்தார்கள்.

"உள்ள போயிட்டுது," என்றார்கள். அவ்வளவுதான்.

லேப்டாப்புக்கு நெட் அந்தப் போனிலிருந்துதான், அதில் சிக்னல் ஒரே ஒரு கோடு. படம் காட்டும் திரை எதுவும் திறக்கவில்லை. ஆனால் கட்டளைக்கு நாலு எழுத்து போய் நாலு எழுத்து வந்தால் போதும் என்பதால், அந்த ஒரு கோட்டிலும் அது ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. முதலில் மெஷினின் பதிவேட்டைக் கேட்கும் கட்டளையைச் சொன்னேன். அத்தை அடித்தார்கள், ஆனால் அனுப்பாமல் முழுதாக எனக்கு வாசித்துக் காட்டினார்கள்.

"அனுப்புங்க அத்தை, நேரமாச்சு!"

"வாசிச்சுக் காட்டாம நான் ஒரு காயிதமும் மேல அனுப்புனது கிடையாது."

பதில் வந்தது. அத்தை படித்தார்கள். "என்னமோ மைனஸ் எண்ணூத்திப் பதினெட்டுங்குது."

நான் துள்ளி எழுந்தேன். ஸ்டூல் ஒரு பக்கம் வழுக்கியது, நான் ஒரு பக்கம் வழுக்கினேன். ப்ரோக்ராமில் இருக்கும் நேர முத்திரையும் டேட்டாபேஸில் இருக்கும் நேர முத்திரையும் ஒத்துப்போகாவிட்டால்தான் அந்த எண் வரும். அதாவது பைண்ட் நடக்கவே இல்லை.

"ஜாதகம் பொருந்தலங்குதீங்க," என்றார்கள் அத்தை.

"ஆமா அத்தை! நடுக் கட்டளையை விட்டுட்டேன். ஹாரன் அடிச்சதுல..."

அத்தை மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள். மாமா அருவியைப் பார்த்தார்.

பைண்ட் கட்டளையை மூச்சு விடாமல் சொன்னேன். அத்தை அடித்தார்கள், வாசித்தார்கள், நிறுத்தினார்கள்.

"மாப்ளே, காலைல நீங்க அடிச்ச ரெண்டு வரியும் மேல நிக்கி. ரெண்டுலயும் 'ப்ராட்'னு இருக்கு. இதுல மட்டும் 'டெஸ்ட்'ங்குதீங்க. நெசமாத்தானா?"

எனக்கு எண்ணெய்க்கு மேலே வியர்த்தது. ப்ராட் என்பது நிஜ மெஷின், டெஸ்ட் என்பது ஒத்திகை மெஷின். அனுப்பியிருந்தால் அங்கே ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு வெற்றி என்று பதில் வந்திருக்கும். இங்கே ஸ்கிரீன் விழுந்துகொண்டே இருக்க, நான் நிம்மதியாக அருவிக்குப் போயிருப்பேன். மணி ஐந்து இருபது.

"ப்ராட் அத்தை! ப்ராட்! ப்ராட்!"

"ஒருக்க சொன்னா போதும்."

அனுப்பினார்கள். காத்திருந்தோம். அண்ணாச்சி என் தலையில் தட்டிக்கொண்டே இருந்தார். ("பாதித் தலையோட எந்திரிச்சா ஆவாது தம்பி.") பிறகு அத்தையின் குரல் இறங்கியது.

"சைபர் வந்திருக்கு மாப்ளே."

"சைபரா? சைபரா!" எழுந்து ஆடினேன். மெயின்ஃப்ரேமில் சைபர் என்றால் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். இது தெரியாத அண்ணாச்சி, வரிசையில் நின்றவர்களிடம், "பாவம், பரீச்சைல முட்ட வாங்கிட்டு ஆடுதாரு," என்றார்.

மூன்றாவது கட்டளையும் போனது. அதற்கும் சைபர். ஐந்து இருபத்தாறுக்குப் போனில் மேனேஜர் கத்தினார்: "திறந்துடுச்சு பாஸ்! நீங்க தென்காசியிலேயே இருங்க!"

எண்ணெய் தேய்க்க நின்ற அத்தனை பேரும், விஷயம் என்னவென்று தெரியாமலே, கை தட்டினார்கள். "அமெரிக்காவே நம்ம மாப்ள கைலதான் ஓடுது," என்று மாமா ஐந்து அருவிக்கும் கேட்கும்படி அறிவித்தார். குளித்து முடித்து ஈரத்தலையோடு வந்த செல்வி என்னைப் பார்த்து, "இன்னும் குளிக்கலியா?" என்றாள். அந்த நிமிடம் இருந்த சந்தோஷத்தில் அவளை அப்படியே கட்டிப் பிடித்தேன். குளித்ததெல்லாம் வீணாகி அவள் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலமே பாஸ்வேர்டை மாற்றினேன். மறு ஞாயிறு இலையில் ரசம் மட்டும் விழுந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு நானே வாய்விட்டுச் சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று போனை யாரும் அணைக்காததால் மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எங்கள் வேலைப் பட்டியலில் அடுத்த வாரமே ஒரு புது வரி சேர்ந்தது: எந்தக் கட்டளையையும் அனுப்புவதற்கு முன் இன்னொருவர் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் 'அத்தை செக்'. அமெரிக்காவிலும் அதே பெயரில் பழகிவிட்டார்கள். போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவன் எனக்கு மெயில் அனுப்பியிருந்தான். மூன்று மேனுவலில் தேடிவிட்டானாம், 'அத்தை' என்பது எந்த மென்பொருளின் பகுதி, எந்த வருஷத்து வெளியீடு என்று தெரியவில்லையாம்.

அத்தையிடம் சொன்னேன். "முப்பது வருச சர்வீஸ், இன்னும் ரிப்பேர் ஆவலன்னு எழுதுங்க," என்றார்கள். அப்படியே எழுதினேன். அனுப்பப் போனபோது, "இருங்க மாப்ளே," என்று என் கையைத் தடுத்து, முதலிலிருந்து ஒருமுறை வாசிக்கச் சொன்னார்கள்.