நார்வே தெரிந்த உரக்கடைக்காரர்

பாகூர் ஏரிக்கு வந்துபோகும் பறவைகளைப் பற்றி யார் யாரோ ஆராய்ச்சி செய்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதே ஏரிக்குப் பக்கத்தில் வருடம் முழுவதும் உட்கார்ந்துகொண்டு, தான் எங்கும் பறக்காமல், ஊரில் இருக்கிற பிள்ளைகளை எல்லாம் கடல் தாண்டிப் பறக்கச் சொல்லும் ஓர் இனத்தைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தக் குறையை இன்று நான் போக்குகிறேன். இனத்தின் பெயர் ஸ்காலர்ஷிப் அண்ணன்.

பார்த்திருப்பீர்கள். வயது ஒரு பொருட்டல்ல. அறுபதிலும் அவர் அண்ணன்தான். வெளிநாட்டில் மேல்படிப்பு, ஆராய்ச்சி, அதற்கு உதவித்தொகை என்று உலகத்தில் எவன் எதை அறிவித்தாலும் அது முதலில் அவர் போனில் வந்து இறங்கி, அவர் டீ ஆறுவதற்குள் ஊரில் உள்ள எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பிளஸ் டூ கணக்கில் கோட்டைவிட்டவனுக்கு வானியலில் முனைவர் பட்டம்; மீசையை முறுக்கிக்கொண்டு கரும்பு வெட்டக் கிளம்புகிறவருக்குப் பெண்களுக்கு மட்டுமான ஆராய்ச்சி நிதி; போன வருடமே முடிந்துபோன ஒன்று, ‘சீக்கிரம் சீக்கிரம்’ என்ற குறிப்போடு எல்லாருக்கும். எதையாவது திறந்து படித்திருப்பாரா? எதற்குப் படிக்க வேண்டும்? தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டா கொடுக்கிறார்?

கையில் பாஸ்போர்ட் கிடையாது. வாயில் ஐரோப்பா முழுவதும் உண்டு.

எங்கள் பக்கத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி மணவாளன். பாகூர் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறார். யூரியா மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் அவர், அவர் தலைக்கு மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிறு. கடைக்கு வருகிற யாரும் வந்த காரியத்தை உடனே முடித்துவிட முடியாது.

“இன்னா வீரப்பா, பொட்டாஷா? இருக்கட்டும். ஒம் பையன் இன்னா பண்றான்?”

“ஐடிஐ முடிச்சிட்டு வூட்ல இருக்கறாண்ணா.”

“நார்வேக்கு அனுப்பு. ஃபுல்லி ஃபண்டட்.”

“அங்க இன்னா வேலைண்ணா?”

“வேலை இல்லப்பா, படிப்பு. சோறு, ரூமு, ஏரோப்ளேனு எல்லாம் அவன் செலவு.”

“இவன் படிக்கறதுக்கு அவன் ஏண்ணா செலவு பண்றான்?”

“அதான் வெள்ளக்காரன்.”

வீரப்பன் சற்று யோசித்தார். “சரிண்ணா. மொதல்ல பொட்டாஷ குடு. கரும்பு மஞ்சளாவுது.”

‘ஃபுல்லி ஃபண்டட்’ என்பது இந்த இனத்தின் கூவல். குயிலுக்குக் கூவக் காலம் உண்டு, அண்ணனுக்குக் கிடையாது.

நானும் ஒருநாள் அப்பாவின் வயலுக்கு யூரியா வாங்கப் போனேன். மூன்று குளிர்காலம் ஸ்வீடனில் படித்துவிட்டு, அதற்குமேல் கால் நிற்காமல் நாலைந்து நாடு அலைந்துவிட்டு, அந்த வாரம்தான் திரும்பியிருந்தேன். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஸ்வீடனின் குளிர் எப்படி இருக்கும் என்று எனக்கு விளக்கினார்.

“மூச்சு வுட்டா அப்படியே கட்டியாயி கீழ வுழும்மா.”

“அப்படியெல்லாம் இல்லண்ணா.”

“நீ கவனிச்சிருக்க மாட்ட,” என்றார்.

சிரித்துவிட்டு மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். வந்துவிட்டேன். அனுப்புகிற லிங்க்கை யாரும் திறக்காத வரைக்கும் ஸ்காலர்ஷிப் அண்ணனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆபத்து எப்போது தொடங்குகிறது தெரியுமா? உண்மையாகவே திறந்து படிக்கிற ஒருத்தி அவருக்குக் கிடைத்துவிடும்போது.

அப்படிக் கிடைத்தவள் எங்கள் தெரு சுவேதா. அவள் அப்பா அருள்தாஸுக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் வேலை; எம்.எஸ்ஸி. முடித்த அவளுக்கு அதே தொழிற்சாலையில் தண்ணீரைச் சோதிக்கும் ஒப்பந்த வேலை. கடலோரக் கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் ஏன் இப்படி உப்பாகிக்கொண்டே போகிறது, அதை எப்படி நிறுத்துவது என்று ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு அவள் குறி வைத்திருந்த ஃபெலோஷிப்புகளில் எல்லாம் ஒரே கெடுபிடி. முதுகலை முடித்து ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவளுக்கு இந்த வருடம்தான் கடைசி.

முந்தைய வருடங்கள் எங்கே போயின? அண்ணனிடம் போயின. வீட்டில் யாரும் அவரைக் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைப்பதில்லை. அவரோ ஃபெலோஷிப்பை வரன் பார்ப்பதுபோலப் பார்ப்பவர். ஸ்வீடன் வந்தது, குளிர், பொண்ணு வெறச்சிடும் என்று தட்டிக்கழித்தார். ஜப்பான் வந்தது, பூமி ஆடுகிற இடம், குடும்பம் சரியில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். ஜெர்மனி எல்லாப் பொருத்தமும் கூடி வந்தது. அப்போதுதான் இந்த இனத்தின் மிகக் கொடிய வாக்கியத்தைச் சொன்னார்: “இதவிடப் பெருசு ஒண்ணு வருது, பொறு.”

பெரிது வரவில்லை. கடைசி வருடம் வந்துவிட்டது. இந்த முறை நெதர்லாந்து.

“அந்த ஊரு கடலவிடத் தாழ்வா இருக்குதாமே அமிர்தம்,” என்று அவள் அம்மாவிடம் மெல்லத் தொடங்கினார் மணவாளன். அமிர்தம் அன்று இரவு சாப்பிடவில்லை. சுவேதா வரைபடம் போட்டு, அணை போட்டு, அந்த நாட்டார் கடலோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று விளக்கி, ஒருவழியாக அம்மாவைத் தேற்றினாள். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. கட்டுரை தயார், சான்றிதழ்கள் தயார். இரண்டு பரிந்துரைக் கடிதங்கள்தான் பாக்கி.

“அது எம் பொறுப்பு,” என்றார் அண்ணன்.

கடிதம் என்று சொல்லிவிட்டால் போதும், அண்ணனின் கால்கள் தானாக நடக்கும். இரண்டே நாளில் மூன்று கடிதங்களோடு வந்தார். ஒன்று முன்னாள் கொம்யூன் பஞ்சாயத்து உறுப்பினருடையது, ஒன்று கோயில் அறங்காவலருடையது, ஒன்று அரிசி ஆலை முதலாளியுடையது. மூன்றிலும் முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. ‘உயர்திரு நெதர்லாந்து அதிகாரி அவர்களுக்கு. மேற்படி சுவேதாவைச் சிறு வயது முதல் அறிவேன். நல்ல குடும்பம். எந்த வம்பு வழக்கிலும் சம்பந்தப்படாதவர். ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ அரிசி ஆலைக்காரர் கூடுதல் பாசத்தோடு, அதிகாரி நேரில் வந்தால் சந்திப்பதாகவும் எழுதியிருந்தார்.

“அண்ணா, எனக்குப் பாடம் நடத்துனவங்க, என் வேலய பாத்தவங்கதான் எழுதணும்,” என்றாள் சுவேதா. “சாமிநாதன் சார கேக்கறன். எங்க ஆய்வக மேடமும் ஒண்ணு தருவாங்க.”

“மேடம் வெளியூரு, பரவால்ல. சாமிநாதனா? மதகடிப்பட்டுக்காரரா? அவரு பொண்ணு படிச்சிட்டு வூட்டோட இருக்குது. வயிறெரிஞ்சி எழுதுவாரு. கண்ணு பட்டுச்சின்னா விமானம் கெளம்பாது. காரியம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு வுடாத.”

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம் பக்கத்தில் நல்ல சேதியைப் பழுப்பதற்கு முன் யாராவது வெளியே சொல்வார்களா? மனை வாங்கினால் பத்திரம் பதிந்த பிறகுதான் சொல்வோம். விசா என்றால் ஆள் போய் இறங்கி அங்கிருந்து படம் அனுப்பிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியும். வெளிநாட்டு ஃபெலோஷிப்பின் சட்டமோ நேர் எதிர்: உன்னை அறிந்த இரண்டு பேரிடம் போய் நீயே வாய்விட்டுச் சொல்லாவிட்டால் விண்ணப்பமே நகராது. இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவள் என்ன செய்வாள்?

“நீயே போய்க் கேளு,” என்றேன் நான்.

“அம்மா தலையில அடிச்சிச் சத்தியம் வாங்கிட்டாங்கக்கா,” என்றாள். திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. ஆய்வக மேடத்தின் கடிதம் வந்துவிட்டது. இன்னொன்றின் இடம் திரையில் காலியாகவே இருந்தது.

அவளுக்குத்தான் சத்தியம். அண்ணனுக்கு?

ஸ்காலர்ஷிப் அண்ணனுக்கு ரகசியம் என்பது ஓர் ஆளிடம் மட்டும் சொல்லக்கூடிய விஷயம். அடுத்த ஆள் வந்தால் அவரும் ஓர் ஆள்தானே. “யார்கிட்டயும் சொல்லாத” என்று முதலில் வீரப்பனிடம் சொன்னார். வேப்பம் புண்ணாக்கு வாங்க வந்தவரிடம் சொன்னார், மருந்து தெளிப்பான் பழுது பார்க்க வந்தவரிடம் சொன்னார், வழி கேட்டு நின்ற லாரி ஓட்டுநரிடம் வழியோடு சேர்த்துச் சொன்னார். வீரப்பன் பஸ்ஸில் சொல்ல, பஸ் வில்லியனூர் தாண்டுவதற்குள் சுவேதாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. திருபுவனையில் விசா வந்துவிட்டது. மதகடிப்பட்டு கூட்டுரோட்டில் பூ விற்கும் தையலம்மாளிடம் சேதி வந்து சேர்ந்தபோது பெண் போய் இறங்கி, அந்நாட்டு அரசாங்கமே கூப்பிட்டுக் கடலுக்கு அணை கட்டும் பொறுப்பைக் கையில் கொடுத்திருந்தது. தையலம்மாளிடம்தான் சாமிநாதன் தினமும் சாமி படத்துக்குப் பூ வாங்குகிறார்.

புதன்கிழமை மாலை, தொழிற்சாலை வேனில் வந்துகொண்டிருந்த சுவேதாவுக்குச் சாமிநாதனிடமிருந்து போன் வந்தது. பக்கத்து இருக்கைக்காரி வழியாக அந்த உரையாடல் அப்படியே எனக்கு வந்து சேர்ந்தது.

“இன்னாம்மா, போயிட்டியாமே. ஒரு வார்த்த சொல்லல?”

“எங்க சார்?”

“நெதர்லாந்துக்கு.”

“நான் திருவாண்டார்கோயில்லதான் சார் இருக்கறன். அப்ளிகேஷனே இன்னும் போடல.”

“ஏன் போடல?”

“லெட்டர் ஒண்ணு கொறையுது சார்.”

“யாரு தரணும்?”

“நீங்கதான் சார்.”

“கேட்டாத்தானம்மா தருவாங்க?”

“கண்ணு பட்டுடும்னு வூட்ல பயப்படறாங்க சார்.”

“எனக்கு ரெண்டு கண்ணும் ஆபரேஷன் ஆயிடிச்சி. எதிர்ல வர பஸ்ஸே செரியா தெரியல, நீ எங்க தெரியப் போற? லிங்க்க அனுப்பு.”

சத்தியம் சத்தியமாகவே இருந்தது. அவள் சொல்லவில்லை, அவராகக் கேட்டார். அமிர்தமும் இதை ஒத்துக்கொண்டாள். மறுநாள் காலையிலேயே கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை சுவேதா விண்ணப்பத்தை அனுப்பி முடித்துக் கைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மணவாளன் வேகமாக உள்ளே வந்தார்.

“நிறுத்து, நிறுத்து. இப்ப ராகு காலம்.”

“அனுப்பிட்டண்ணா.”

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். “சரி, வுடு. அவுங்களுக்கு இப்பதான் பொழுது விடியப் போவுது. அங்க ராகு காலம் வேற,” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து வீடியோவில் நேர்காணல். அடுத்த மாதம் பதில். இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகையும் முழுசாக. சேதி கேட்டு அமிர்தம் அழுதாள், அருள்தாஸ் அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டு அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மணவாளன்? “நான் மட்டும் அன்னைக்கி ரகசியமா வச்சிக்கலன்னா இது நடந்திருக்குமா?” என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் எங்கே ரகசியமாக வைத்தீர்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. உரம் வாங்க வேண்டுமே.

இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்ல வேளை, நாம் இப்படி இல்லை என்று ஒரு நிம்மதி உங்கள் முகத்தில் தெரிகிறது. நீங்கள் யாருக்கும் ஃபார்வேர்ட் செய்வதில்லை, யாருக்கும் நாடு பார்த்துத் தருவதில்லை, யாருடைய ரகசியத்தையும் பஸ்ஸில் ஏற்றுவதில்லை. தெரியும். உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இந்த இனத்தில் பேசாத வகை ஒன்றும் உண்டு. மணவாளன் உளறினார், உளறல் போய்ச் சேர வேண்டிய காதில் போய்ச் சேர்ந்தது. பேசாதவருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அவர் ஓர் அறிவிப்பைப் பார்ப்பார், முழுவதும் படிப்பார், இது அந்த மாடி வீட்டுப் பெண்ணுக்குப் பொருத்தமாக இருக்குமே என்று மனதார நினைப்பார், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று பத்திரமாகப் போனில் சேமித்து வைப்பார்.

உங்கள் போனை ஒரு தடவை திறந்து பாருங்கள். கடைசித் தேதி என்ன போட்டிருக்கிறது?