பாதித் தொட்டி வரைக்கும் நான் விஞ்ஞானி

கல்யாணமாகாத இளைஞன் கையில் சால்டரிங் அயர்ன் கொடுக்கக் கூடாது. குடியிருக்கும் கட்டடத்திலேயே அவன் ஒரு பெண்ணை மனதில் வைத்திருந்தால் கண்ணிலேயே காட்டக் கூடாது. அறுபதுகளில் மாதுங்காவில் இதை எடுத்துச் சொல்ல எனக்கு ஆளில்லை.

அப்போது நான் செம்பூர்ப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எலெக்ட்ரானிக்ஸ் உதவியாளன். (ஊருக்கு எழுதும்போது மட்டும் விஞ்ஞானி.) மனதில் இருந்தவள் இரண்டாம் மாடி வசந்தா. அவள் அப்பா நாராயண மாமாதான் கட்டடத்தின் செக்ரெட்டரி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான் அவருடைய நிரந்தரக் கவலை. வாட்ச்மேன் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்.

"மாமா, மோட்டார் தானே ஓடும், தானே நிக்கும். நான் பண்ணித் தரேன்" என்றேன். வசந்தா கதவோரம் நிற்காவிட்டால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

டிரான்சிஸ்டர்களை வைத்து ஒரு டைமர் செய்தேன். இரண்டு நிமிஷம் ஒரு சுற்று. அதில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும், எவ்வளவு நேரம் சும்மா இருக்கும் என்பதை உள்ளே போகும் வோல்டேஜ் முடிவு செய்யும். வோல்டேஜ் ஏறினால் ஓட்டம் அதிகம், இறங்கினால் ஓய்வு அதிகம். தொட்டியில் ஒரு மிதவை. அது பழைய ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோலைத் திருப்பி வோல்டேஜை மாற்றும். தொட்டி காலியானால் மோட்டார் ஓடும்; நிறைய நிறைய ஓய்வெடுக்கும். பழைய சுவிட்ச் இனி எதற்கு என்று அதையும் கழற்றி எறிந்தேன்.

ஞாயிறு காலை வெள்ளோட்டம். தொட்டியில் பாதித் தண்ணீர். மோட்டார் ஒரு நிமிஷம் ஓடியது, ஒரு நிமிஷம் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். "சாயங்காலம் ஆத்துக்கு வா, உன்னண்ட பேசணும்" என்றார் மாமா. எனக்கு நாதஸ்வரமே கேட்டது.

வால்யூம் கண்ட்ரோலின் இரண்டு ஓரக் கம்பிகளை நான் இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். பாதித் தொட்டியில் அது தெரியாது. எப்படி இணைத்தாலும் பாதி பாதிதான்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டடம் தூங்கியது. குழாயைத் திறக்க ஆளில்லை. தொட்டி கொஞ்சம் ஏறியது; மோட்டார் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஓடியது. அதனால் தொட்டி மேலும் ஏறியது. நிரம்பி வழியத் தொடங்கியபோது மோட்டார் நிற்கவே இல்லை.

"சேது சாப்! ஊப்பர் பானி கிர் ரஹா ஹை!" என்று வாட்ச்மேன் அலறினார். மேலே தண்ணீர் கொட்டுகிறதாம்.

மேலே ஓடினேன். வசந்தாவின் அக்கா கல்யாணத்துக்காக மாமி வேஷ்டி வேஷ்டியாகக் காயவைத்திருந்த வடாம் மிதந்துகொண்டிருந்தது.

"நேத்து கூழு, இன்னிக்குத்தான் வடாமாச்சு. திரும்பவும் கூழாக்கிட்டியேடா!" என்று மாமி தலையில் கை வைத்தாள்.

"எல்லாரும் குழாயைத் திறந்து விடுங்கோ!" என்று கத்தினேன். (ஃப்யூஸைப் பிடுங்கலாம் என்று தோன்றவில்லை. இப்போது தினமும் தோன்றுகிறது.) தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் அடங்கியது. "பாத்தேளா, வழிக்கு வந்துடுத்து" என்றேன் பெருமையாக. தொட்டி காலியானது. மோட்டார் படுத்தேவிட்டது.

"ரொம்பி வழிஞ்சா ஓடறது, காலியானா தூங்கறது. தலைகீழா மாட்டியிருக்கேளோ?" என்றாள் வசந்தா. அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவசரமாகக் கம்பியை மாற்றப்போய், டிரான்சிஸ்டரையும் பொசுக்கினேன்.

சொன்னபடி சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் இரண்டு வாளிகளை நீட்டினார். கீழ்த்தொட்டியிலிருந்து எல்லா வீட்டுக்கும் சுமந்தேன். மாதுங்காவிலேயே ஒதுங்க இடம் இல்லாதது போல வெட்கமாக இருந்தது. கடைசி வாளியை வாங்கிக்கொண்ட மாமி உள்ளே திரும்பி, "அசடுதான். ஆனா ஓடிப்போகலை பாருங்கோ" என்றாள்.

அந்த ஒரு சிபாரிசில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.

போன ஞாயிற்றுக்கிழமைகூடப் பேரன் போதும் போதும் என்று கையால் மறிக்க, அவன் தட்டில் வசந்தா மேலும் இரண்டு வடாம் வைத்தாள். நான் என் வெறும் தட்டைக் காட்டினேன்.

"தொட்டி காலியா இருக்கே," என்றாள். "மோட்டார் எப்படி ஓடும்?"